நீர் தங்கிய இடங்கள்: பழைய உழவு இயந்திரப் பெட்டியொன்றைப் பயண வண்டிலாக்கிய நிகழ்வு ஆய்வு

2023 பங்குனி மாதக் கடைசியில், காலபோக நெல் வீட்டுக்கும் ஆலைக்கும் போய்ச் சேர்ந்து பெட்டிகளுக்குக் கேள்வி குறைந்திருந்த நாள்களில், வன்னியில் உள்ள விசுவமடுவில் ஒரு வளவின் வேலியோரம் பூவரச மரத்தின் கீழ் நின்ற, உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய சுமைப் பெட்டியொன்றை நானும் என் மைத்துனரும் விலைக்கு வாங்கினோம். நெல் ஏற்றவோ மணல் ஏற்றவோ அதை வாங்கவில்லை. மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் குடும்பமாகச் சென்று சில நாள்கள் தங்குவதற்கு, சமையல் சாமானும் தண்ணீரும் படுக்கையும் கொண்ட ஒரு வண்டில் வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். வேலை தொடங்கியது முதல் ஒரு மாரி கடந்த பின்னர் பெட்டி எந்த நிலையில் இருந்தது என்பது வரை வைத்திருந்த குறிப்புகளிலிருந்து இதனை எழுதுகிறேன். தொழில்நுட்பப் பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. கையில் வேலை இருந்தது என்று சொல்ல மாட்டேன். கைவேலையின் பெரும்பகுதியை எங்கள் ஊர் வெல்டிங் கடைத் தம்பியே செய்தார்.

இந்த எண்ணத்தை முதலில் சொன்னவர் மைத்துனர். அவர் கனடாவில் இருபது ஆண்டுகளாக வாழ்பவர். அங்கே பழைய பயண வண்டில்களை வாங்கிப் புதுப்பிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 1968இல் வினிப்பெக் நகரில் செய்யத் தொடங்கிய போலர் என்னும் சிறிய வண்டிலொன்றை அவரே புதுப்பித்திருக்கிறார். அதன் உடல் கண்ணாடியிழையில் மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு ஓடுகளாக வார்க்கப்பட்டு நடுவில் பொருத்தப்பட்டது. பொருத்து குறைவாக இருப்பதால் ஒழுக்கும் குறைவு. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் வண்டில்களோ 1930களிலிருந்து அலுமினியத் தகடுகளை றிவெட் அடித்துச் செய்யப்படுபவை. வெளியே வெள்ளிக் குடம் போல மினுங்கும் பழைய ஏர்ஸ்ட்ரீம் ஒன்றின் பின்புறத்தை மிதித்துப் பார்த்தால், ஒட்டுப்பலகைத் தரை உக்கி, உடல் அடிச்சட்டத்தை விட்டுக் கழன்று நிற்பதைக் காணலாம் என்று அவர் சொன்னார். பின்புறத்தால் கசிந்த நீர் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே தங்கிவிடுவதுதான் காரணம். பழைய வண்டிலில் எது பளபளக்கிறது என்று பாராமல், நீர் எங்கே தங்கியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பாடம் அலுமினியத்துக்கும் கண்ணாடியிழைக்கும் உரியது. எங்கள் இரும்புப் பெட்டிக்கும் அது அப்படியே பொருந்தியது. ஆனாலும் வேலையில் எங்களுக்கு மூன்று மறதிகள் நேர்ந்தன; அவற்றில் இரண்டு நீரைப் பற்றியவை.

வன்னிக்குப் பயண வண்டில் புதிய பொருள் என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. வளைந்த கூரையும் வைக்கோல் மெத்தையும் கொண்ட கூடார வண்டிலில், அடியில் தூக்குச் சட்டியும் அரிக்கன் லாம்பும் ஆட, மாட்டுக்கு வழிநெடுகத் தண்ணீர் காட்டியபடி மடுவுக்குப் போன தலைமுறை இன்னும் முழுதாக மறையவில்லை. மாடு போய் உழவு இயந்திரம் வந்தபோது கூடாரம் மட்டும் கழன்று போயிற்று. எங்கள் வடிவமைப்புக்கு முன்மாதிரி கனடாவிலிருந்து வந்த படங்களா, கூடார வண்டிலா என்று வீட்டில் நடந்த விவாதத்தில் கூடார வண்டில்தான் வென்றது. சோளகக் காற்றும் கிரவல் புழுதியும் அடிக்கும் நாட்டில் தட்டையான சுவரும் கண்ணாடி யன்னலும் வீண் சுமை என்பது என் கருத்தாக இருந்தது. இன்றும் அதுவே என் கருத்து.

வாங்குவதற்கு முன்

விசுவமடுப் பெட்டிக்கு முன் நாங்கள் நான்கு பெட்டிகளைப் பார்த்தோம். அவற்றில் இரண்டு புதிதாகப் பெயின்ற் அடிக்கப்பட்டவை. விற்பனைக்கு முதல் நாள் அடித்த பெயின்றைப் போல வாங்குபவருக்கு எதிரி வேறில்லை. ஒன்றின் பக்கக் கதவில் சிறு காந்தத்தை வைத்தபோது மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. கீழ் விளிம்புக்கு நகர்த்தியதும் விழுந்துவிட்டது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பூசுமாவை நிரப்பி மேலே நீலம் பூசியிருந்தார்கள். மற்றொன்றில் அடிச்சட்டத்தின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தின் இலக்கமும் வேறுவேறாக இருந்தன. விற்றவர் அதற்குச் சொன்ன விளக்கம் நீளமானது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

விசுவமடுப் பெட்டி பெயின்ற் எதுவும் இல்லாமல், துருவும் பூவரசஞ் சருகுமாக இருந்தது. அதுவே அதன் சிறப்பு: எதுவும் மறைக்கப்பட்டிருக்கவில்லை. உரிமையாளர் எழுபதைக் கடந்த அம்மா ஒருவர். பெட்டி அவருடைய காலஞ்சென்ற கணவர் 1970களில், இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலத்தில் வாங்கியது என்றார். அந்த விளைச்சலின் காசுதான் வன்னியின் பல வளவுகளில் கல்வீடாகவும் உழவு இயந்திரமாகவும் மாறியது. இலக்கத் தகட்டில் பழைய ஸ்ரீ எழுத்து இருந்தது. புத்தகத்தில் ஆண்டும் இருந்தது. அந்தப் புத்தகத்தை அவர் இரட்டைச் சொப்பிங் பையில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரே கட்டாக வைத்திருந்தார். போர்க்கால இடப்பெயர்வு முழுவதும் அந்தக் கட்டு அவருடைய இடுப்பை விட்டு இறங்கவில்லையாம்.

இலக்கத்தை ஒப்பிடுவதற்கு, பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கும் முன்தண்டின் வலப்பக்கச் சனலை, அதாவது ‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தை, கம்பித் தூரிகையால் தேய்த்தோம். வெறும் கண்ணுக்குப் பள்ளங்கள் மட்டுமே தெரிந்தன. வெண்கட்டியைப் படுக்கையாக வைத்து உரசி, விரலால் துடைத்தபோது, பள்ளத்தில் சுண்ணாம்பு தங்கி ஒவ்வோர் இலக்கமாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்ற ஐயம் தீர இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது. மூன்று. புத்தகத்திலும் மூன்று.

பின்னர் சுத்தியல். அரை இறாத்தல் சுத்தியலால் சட்டத்தைச் சாணுக்குச் சாண் தட்டினால், நல்ல இரும்பு மணியோசை தரும். உள்ளே தின்னப்பட்ட இரும்பு, ஓட்டைப் பானையைச் சுண்டியது போலப் பொத்தென்று ஒலிக்கும். சட்டிக் கடையில் அம்மாமார் செய்கிற சோதனைதான். இரு பெருஞ் சனல்களும் பெரும்பாலும் மணியாக ஒலித்தன. முன் பலகைக்கு நேர் கீழே குறுக்குச் சட்டமும், பின்புறக் கடைசிக் குறுக்குச் சட்டமும் பொத்தென்றன. தரைத் தகட்டில் பதினேழு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. பக்கக் கதவுகளில் இருந்த துளைகளில் சில துருவால் வந்தவை அல்ல. விளிம்பு உள்நோக்கி வளைந்திருந்த அவற்றைப் பற்றி அந்த அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விலை பேசும்போது மைத்துனர் பேரம் பேச விரும்பினார், நான் விரும்பவில்லை. சட்டம் நல்லது, புத்தகம் சரி என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் இரும்புக் கடை இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தோம். வேலை முடிந்தபோது திருத்தச் செலவு வாங்கிய விலையின் இரு மடங்கைத் தாண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிலைப் புதுப்பித்தால் மலிவு என்று எவரேனும் சொன்னால் அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

உப்பு

துருவைச் சுரண்டி, கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரால் தேய்த்து, சட்டம் சாம்பல் நிறமாக மினுங்கிய நாளில் வேலையில் பாதி முடிந்ததென்று நினைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தபோது தேய்த்த பரப்பெங்கும் கடுகளவு பழுப்பு நீர்த்துளிகள் பூத்திருந்தன. மழையும் இல்லை, பனியும் அவ்வளவு இல்லை. துளியொன்றை விரலால் தொட்டால் ஒட்டியது. இது சாதாரணத் துருவன்று, உப்பு ஏறிய துரு. பெட்டி 2009இல் மாத்தளன் பக்கம் கைவிடப்பட்டு, நந்திக்கடல் காற்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நின்ற பிறகுதான் புத்தகத்தைக் காட்டி மீட்கப்பட்டது என்று அந்த அம்மா சொன்னதை அப்போதுதான் வேலையோடு பொருத்திப் பார்த்தேன். அதற்கு முன்னரும் பின்னரும் பல போகங்கள் அது உரமூடை சுமந்திருக்கிறது. பொட்டாசு உரம் பொட்டாசியம் குளோரைட்டு ஆகும், கடலுப்பு சோடியம் குளோரைட்டு ஆகும், இரும்பைப் பொறுத்தவரை இரண்டிலும் தீமை செய்வது குளோரைட்டே. அது துருவின் அடியிலுள்ள நுண்குழிகளில் தங்கி, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து, பெயின்றுக்குக் கீழேயும் தன் வேலையைத் தொடரும். எவ்வளவு உயர்ந்த பெயின்றாக இருந்தாலும் உப்பின் மேல் பூசினால் கொப்புளித்துத்தான் கழலும்.

மருந்து நல்ல தண்ணீர். தேய்த்தல், கழுவுதல், வெயிலில் காய விடுதல், மீண்டும் தேய்த்தல். துளி பூக்காத காலை வரும்வரை இதனைச் செய்ய வேண்டும். நாங்கள் மூன்று நாள் அவ்வாறு செய்தோம், துளி குறையவில்லை. நான்காம் நாள் என் மனைவி கேட்ட கேள்வி எங்கள் இருவரையும் வெட்கப்பட வைத்தது: அந்தக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைத்தால் பால் திரைகிறதே, அதிலேயா கழுவுகிறீர்கள்? உவர் நீரால் உப்பைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறோம். பிறகு இரணைமடு வாய்க்காலிலிருந்து பவுசரில் தண்ணீர் எடுத்தோம். இரண்டு கழுவலில் துளிகள் நின்றன. அது எங்கள் முதல் மறதி.

கழுவிக் காய்ந்த பரப்புக்குப் பொஸ்போரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றியைப் பூசினோம். அது எஞ்சிய துருவை இரும்புப் பொஸ்பேற்றாக்கிக் கருமையான படலம் விடும். ஆனால் தடித்த துருவுக்கு அது மருந்தாகாது. மேல்தோலை மட்டும் கறுப்பாக்கி மனத்தைத் தேற்றும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக் கூடும் என்பதால், எஞ்சிய பெயின்றை உலர்வாக உரசாமல் நீர்த்தாளால் ஈரமாக உரசினோம். சுரண்டிய தூளைக் கூட்டிக் கட்டினோம், கோழிகள் திரியும் வளவில் விடவில்லை.

வெட்டக் கூடாதிருந்த குழாய்கள்

முதல் குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்தபோது அது எவ்வாறு செத்தது என்பது தெரிந்தது. சனலை வாய் மேல்நோக்கியதாகப் பொருத்தி, அதன் மேல் தரைத் தகட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். அது ஐம்பது ஆண்டுகளாக ஒரு மூடிய வாய்க்கால். நெல் உமியும் மண்ணும் அதில் நிரம்பி, மாரி முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. துரு தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம் தகட்டை மேலே தள்ளி, ஒட்டையும் பிரித்திருந்தது. உரித்து எடுத்த துரு, புளியம்பட்டை போல அடுக்கடுக்காக, விரல் தடிப்பில் வந்தது. புதிய சட்டத்தை வாய் கீழ்நோக்கியதாக வைத்தோம். பழைய வண்டிலை முன்பிருந்தவாறே மீட்க வேண்டும் என்போர் இதனை ஏற்க மாட்டார்கள். செத்த வடிவமைப்பை மறுபடியும் அப்படியே செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெட்டியின் நான்கு மூலைகளிலும், உட்புறமாக, ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டுகள் செங்குத்தாக ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டு வேலை முரடானது. கோடு நேராக இல்லை, துண்டுகளில் இரண்டு வேறு அளவு. கூரை வளையங்களுக்கு முறையான தாங்கி வைக்கத் திட்டமிட்டிருந்ததால் அவற்றை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேன். வெல்டிங் தம்பி ஒன்றில் பாதி வெட்டியிருந்த நிலையில், மீதிப் பணம் பெற வந்த அந்த அம்மா கண்டுவிட்டார்.

“தம்பி, அதை ஏன் வெட்டுறியள்? அதிலைதான் எங்கட தறப்பாள் நிண்டது.”

2008இன் கடைசியில், விசுவமடுவை விட்டு வெளிக்கிட வேண்டி வரும் என்று தெரிந்தபோது, அவருடைய கணவர் கையில் கிடைத்த குழாய்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். நான்கு மூலையிலும் கம்பு செருகி மேலே தறப்பாளைக் கட்டினால், இறக்குவதற்கு நேரமில்லாத இடத்திலும் பெட்டியே வீடு. உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகள் மேலே படுத்தார்கள், பெரியவர்கள் அச்சுக்குக் கீழே வெட்டிய பதுங்குகுழியில் இருந்தார்கள். இரு குழாய்கள் அளவு மாறியதன் காரணமும் சொன்னார்: அவை துவிச்சக்கர வண்டியின் சட்டத்திலிருந்து எடுத்தவை.

தம்பி கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, “சேர், இதையே வைச்சுக்கொண்டு செய்யலாம்” என்றார். பாதி வெட்டியதை மறுபடி ஒட்டினார். அந்த ஒட்டின் நேர்த்தி பழைய ஒட்டின் முரட்டுக்குப் பக்கத்தில் இன்றும் தெரிகிறது. எங்கள் வளையங்கள் அந்த நான்கு குழாய்களில்தான் நிற்கின்றன. அளவு மாறிய இரண்டுக்கும் வளையத்தின் காலைக் கடைந்து மெலிவாக்கினோம். கதவுத் துளைகளில் துருவால் வந்தவற்றை அடைத்தோம். மற்றவற்றின் விளிம்பை மட்டும் உரசிப் பெயின்ற் அடித்துத் திறந்தபடியே விட்டோம்.

அச்சும் நூலும்

பழைய ரயர்களில் இடப்பக்கத்தது உட்புறமாக மட்டும் தேய்ந்திருந்தது. பெட்டி நேராக ஓடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தண்டின் நுனியில் கொளுவும் வளையமான இழுவைக் கண்ணின் நடுவில் ஆணி ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து மேசன் நூலை முதலில் இடச் சில்லின் அச்சு நுனிக்கும் பிறகு வலச் சில்லின் அச்சு நுனிக்கும் இழுத்தோம். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இடப்பக்கம் முடிச்சு விழுந்த இடம், வலப்பக்கத்தில் நுனிக்கு 2 சென்ரிமீற்றர் முன்னதாகவே நின்றுவிட்டது. எப்போதோ எதன் மீதோ மோதி அச்சு ஒரு பக்கம் பின்வாங்கியிருந்தது. பிணைப்புகளைத் தளர்த்தி, சங்கிலிக் கப்பியால் இழுத்து, நூல் இரு பக்கமும் சமனாகும் வரை நகர்த்த ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பெட்டித் தரையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம். அவை சமனாக இருந்ததால் சட்டம் முறுகவில்லை என்பது உறுதியானது.

அச்சுப் பகுதியில்தான் இரண்டாம் மறதி நிகழ்ந்தது. இது நீரைப் பற்றியது அன்று. ஒவ்வொரு சில்லிலும் உள்ளும் வெளியுமாக இரண்டு கூம்புருளைப் பெயரிங்குகள் உண்டு. நான்கையும் புதிதாக வாங்கி, கிறீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடுக்கால் மறுபுறம் வெளிவரும் வரை அழுத்தி ஏற்றிப் பூட்டியிருந்தோம். பின்னர் தண்டில் எஞ்சியிருந்த சிறிய ஒட்டு வேலையைச் செய்தபோது வெல்டிங்கின் பூமிக் கவ்வியைக் கிட்டியிருந்த சில்லின் போல்ற்றில் கொளுவிவிட்டோம். மின்னோட்டம் சட்டத்திலிருந்து சில்லுக்குப் போக வேண்டுமானால் பெயரிங்கின் உருளைகளூடாகத்தான் போக வேண்டும். போகும் வழியில் உருளைக்கும் வளையத்துக்கும் இடையே சிறு பொறிகள் பறந்து குழிகளை உண்டாக்கும். சில்லைக் கையால் சுற்றியபோது முன்பில்லாத ஒரு கரகரப்பு. திறந்து பார்த்தால் புதிய வளையத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அருகே, அதே இரும்பில் கொளுவ வேண்டும் என்பதை நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ரயரில் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். நகரத்துக் கடையொன்றில் 7.50-16 அளவில் இரண்டு புதிய ரயர் வாங்கினோம். மினுக்கம் குறையவில்லை, றப்பர் மயிர் கூட இருந்தது. வீட்டுக்கு வந்து பக்கச் சுவரைப் பார்த்தபோதுதான் தயாரிப்பு இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் கண்ணில் பட்டன: 3114. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதாவது 2014இன் 31ஆம் வாரம். ஒன்பது ஆண்டு தட்டில் இருந்த றப்பரைப் புதியதென்று விற்றிருக்கிறார்கள். கடைக்காரர் மாற்றித் தந்தார், ஆனால் மாற்றியதற்கும் ஒரு தொகை வாங்கினார். பயண வண்டிலின் ரயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே கிழமாகிச் சாகிறது. ஆகவே பூவின் ஆழத்தை விட அந்த நான்கு எண்களே முக்கியம்.

தண்ணீர்த் தாங்கியும் நெல்லுத் தராசும்

500 லீற்றர்த் தாங்கியைப் பின்புறத்தில் வைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்களின் கோரிக்கை. குழாயைத் திறந்தால் சமையல் இடம் பக்கத்தில், நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஒற்றை அச்சுப் பெட்டி தராசுத் தண்டு போன்றது. அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்தண்டைத் தூக்கும். இழுவைக் கண்ணில் போதிய பாரம் இல்லாவிட்டால், காரால் இழுக்கப்படும் வண்டில் பாம்பு போல ஆடத் தொடங்கும். அதனால்தான் அமெரிக்காவில் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கண்ணில் இருக்க வேண்டும் என்பார்கள். உழவு இயந்திரத்தில் வேகம் குறைவு. ஆட்டத்தை விட வேறு ஆபத்து இருக்கிறது: கண் மேலெழுந்தால் இயந்திரத்தின் பின்சில்லுகளும் பாரம் இழந்து, ஏற்றத்திலும் சேற்றிலும் வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது.

வாய்ச்சொல்லில் இது தீராது என்பதால், அயலில் நெல் வாங்குபவரின் மேடைத் தராசை இரவல் எடுத்தோம். தண்டின் கண்ணை அதன் மேல் ஒரு மரக்கட்டையில் ஏற்றினோம். வெறும் பெட்டியாக 110 கிலோ காட்டியது. அச்சுக்கு 80 சென்ரிமீற்றர் பின்னால் தாங்கியை வைத்து நிரப்பத் தொடங்கினோம். நூறு லீற்றருக்கு எண்பதுகளில் நின்ற முள், இருநூறுக்கு ஐம்பதுகளுக்கு இறங்கியது. வீட்டார் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். நானூறைக் கடந்து சிறிது நேரத்தில் முள் பூச்சியத்தைத் தொட்டது; தண்டு கட்டையை விட்டு மெல்லக் கிளம்ப, தாங்கிக்குள் நீர் ஒருமுறை பின்பக்கம் மோத, பெட்டி முற்றத்து மண்ணில் குந்தியது. அதன் பிறகு எவரும் பின்புறத் தாங்கியைப் பற்றிப் பேசவில்லை. தாங்கியை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி நிரப்பியபோது கண்ணில் ஏறக்குறைய 160 கிலோ நின்றது. குழாயைப் பின்புறம் வரை நீட்டிக் கொடுத்தோம்.

தரையும் கூரையும் வெளிச்சமும்

தரைத் தகட்டின் மேல், எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த முதிரைப் பலகைகளைப் படுக்கைக்காகப் போட்டோம். மரமும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டால் நடுவில் ஈரம் தங்கும். ஆகவே பழைய ரியூப்பைப் பட்டியாக வெட்டி இடையில் வைத்து, பலகைக்குப் பலகை கால் அங்குல இடைவெளி விட்டோம். கூரைக்குப் பிளாஸ்ரிக் தறப்பாள் மலிவு, ஆனால் இரவில் உட்புறம் வியர்த்து விடியற்காலையில் படுத்திருப்பவர் மேல் சொட்டும். வன்னியில் இதனை அறியாத குடும்பம் இல்லை. மெழுகூட்டிய கன்வஸ் வாங்கினோம். பாரம், விலை, காய வைக்கும் தொல்லை எல்லாம் இருந்தும் அது மூச்சு விடுகிறது.

பின் விளக்கில்லாத பெட்டி இரவு வீதியில் நிற்கும் சுவர். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்து அதன் மேல் மோதி உயிர் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பகுதியில் எவரிடமும் கேட்கலாம். எல்ஈடி விளக்குகளையும் சிவப்பு ஒளித்தெறிப்பிகளையும் பூட்டினோம். இழுவை இயந்திரம் உறவினர் ஒருவரின் மசி பெர்கூசன் 35. விளக்கு எரியவில்லை, வயரை மூன்று முறை சோதித்த பின்னரே காரணம் விளங்கியது. பழைய பிரித்தானிய இயந்திரங்கள் பலவற்றைப் போல அதிலும் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய குமிழுக்கு எத்திசை மின்னும் ஒன்றே, எல்ஈடிக்கு அப்படியில்லை. முனைகளை மாற்றியதும் எரிந்தது. பூமி இணைப்பை இழுவைக் கொளுக்கியூடாக விடாமல் தனி வயராகக் கொடுத்தோம். கொளுக்கி குலுங்கும்போது விளக்கு மினுங்காமல் இருப்பதற்கு அதுவே வழி.

மடுவுக்கு

ஓடும் பெட்டியில் ஆள் ஏறுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டில் முடிவு செய்தோம். ஆள்கள் வானில், சாமான் பெட்டியில். ஆவணித் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னதாக, மாங்குளத்திலிருந்து பாலம்பிட்டிப் பக்கமாகச் சென்றோம். யானை நடமாட்டம் உள்ள பாதை என்பதால் பகலிலேயே கடந்தோம். அரிசியும் உப்பும் வாழைக்குலையும் பெட்டியில் இருந்தால், காட்டோரத்தில் இரவு நிறுத்துவது அழைப்பு வைப்பதற்குச் சமன். வழியில் இருமுறை நின்று சில்லின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்த்தோம். இளஞ்சூடு, கை பொறுத்தது. கை பொறுக்காத சூடாக இருந்தால் பெயரிங் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

கோவில் வளவில் மரத்தடியில் நிறுத்தி, தண்டை முட்டுக்கட்டையில் ஏற்றிச் சமன் செய்து, சில்லுகளுக்குக் கல் வைத்தோம். சோளகம் இரண்டாம் இரவு கன்வஸைத் தூக்கிப் பார்த்தது. பக்கக் கயிறுகளைக் கதவின் கொளுவிகளுக்கு மாற்றிக் கட்டியதும் அடங்கியது. எட்டுப் பேருக்கு நான்கு நாள்களுக்குத் தாங்கித் தண்ணீர் சமையலுக்கும் குடிப்பதற்கும் போதுமாக இருந்தது. குளிக்க வெளியே போனோம். அந்த அம்மாவையும் அழைத்திருந்தோம். அவர் ஒரு நாள் வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்து, மூலைக் குழாயொன்றில் கையை வைத்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு, கூரை இவ்வளவு உயரம் தேவையில்லை, காத்துப் பிடிக்கும் என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த ஆண்டு வளையங்களை அரை அடி குறைத்தோம்.

2023 மாரி முடிந்து 2024 தை மாதத்தில் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். சட்டம் முழுவதும் மணியோசை. புதிய குறுக்குச் சட்டங்கள் சுத்தம். ஆனால் மூலைக் குழாய்களில் மூன்றின் அடியில், தகட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி, நூல் அகலத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. வேலை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று அவற்றின் அடியை நாங்கள் முழுவதுமாக ஒட்டி அடைத்துவிட்டோம். கூரையைக் கழற்றி வைத்திருந்த மாரியில் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எங்கள் மூன்றாம் மறதி. நான்காவது குழாய், தம்பி பாதி வெட்டி மறுபடி ஒட்டியது. அதன் அடியில் பழைய ஒட்டில் இருந்த இடைவெளியை மூட அவருக்கு மனம் வரவில்லையாம். அது காய்ந்திருந்தது. மற்ற மூன்றுக்கும் அடியில் கால் அங்குலத் துளை போட்டாயிற்று.